சின்னக் கப்பலில் மால்டா: முதன்முறை போகிறவர்களுக்கு

மால்டாவுக்குப் பெரும்பாலானவர்கள் விமானத்தில்தான் போகிறார்கள். ஆனால் நூறு, நூற்றைம்பது பேர் மட்டும் ஏறுகிற ஒரு சின்னக் கப்பலில் விடிகாலையில் தலைநகர் வலெட்டாவின் ‘கிராண்ட் ஹார்பர்’ துறைமுகத்துக்குள் நுழைகிற வாய்ப்பு கிடைத்தால், தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். ஐந்நூறு ஆண்டுகளாக அந்தத் தீவில் நடந்த பெரிய காரியங்கள் எல்லாமே அந்த ஒரு துறைமுகத்துக்காக நடந்தவை. கடலிலிருந்து பார்த்தால்தான் கோட்டை ஏன் அங்கே இருக்கிறது, ஊர் ஏன் அந்த மேட்டில் இருக்கிறது என்பது சட்டென்று புரியும்.

நான் முதல் தடவை போனபோது இது தெரியாது. கப்பல் உள்ளே நுழைந்த நேரத்தில் காலை உணவு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இறங்கி, ஒரு சுற்றுலாப் பேருந்தில் ஏறி, ஒரே நாளில் ஐந்து இடம் பார்த்தோம். ஐந்தில் எதுவும் மனதில் நிற்கவில்லை. இரண்டாவது தடவை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு முழங்கால் வலி. அதனால் எங்கும் ஓடாமல், துறைமுகத்தின் இரண்டு கரைகளை மட்டும் நாள் முழுக்கப் பார்த்தோம். நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பயணத்தில் கற்றுக்கொண்டது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது மால்டா. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். மால்டா, கோசோ, கோமினோ என்று மூன்று தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். தலைநகர் வலெட்டா. நகரம் முழுவதும் 1980 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பணம் யூரோ. ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் பேச்சுக்குச் சிரமமே இல்லை. அவர்களுடைய சொந்த மொழியான மால்டீஸ், அரபியின் வழியில் வந்து ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் கடையில் யாராவது ஒன்று, இரண்டு எண்ணுவதைக் கேட்டாலே அடையாளம் கண்டுகொள்வார்கள். கத்தோலிக்கர்கள் நிறைந்த நாட்டில் தேவாலயத்துக்குள் கடவுளை ‘அல்லா’ என்றே அழைக்கிறார்கள்.

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்தத் தீவு வேறொரு பெயரில் ஏற்கெனவே பழக்கம். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் ஏறிய கப்பல் உடைந்து, எல்லாரும் தப்பிக் கரையேறுகிற மெலித்தா தீவு இதுதான் என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 10 அன்று அந்தக் கப்பற்சேதத்தை நினைத்து வலெட்டாவில் பெரிய திருவிழா நடக்கிறது.

எந்தக் கப்பல், எந்த மாதம்

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மூவாயிரம், நாலாயிரம் பேர் ஏறும் பெரிய கப்பல்களும் இதே துறைமுகத்துக்குள் வருகின்றன. அப்படியிருக்க ஏன் சின்னக் கப்பல்? முதல் காரணம், இறங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். பெரிய கப்பலில் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டாவது, தளம் தண்ணீருக்கு அருகில் இருப்பதால் கோட்டைச் சுவர்களை அண்ணாந்து பார்ப்பீர்கள். பன்னிரண்டு மாடி உயரத்திலிருந்து பார்த்தால் அதே சுவர்கள் சின்னதாகத் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம்: சின்னக் கப்பல்களின் பயணத் திட்டங்களில் ஓர் இரவு துறைமுகத்திலேயே தங்குவது உண்டு.

அதனால் முன்பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது இல்லை. ‘வலெட்டாவில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது?’ என்று கேளுங்கள். காலை 7-க்கு வந்து மதியம் 2-க்குக் கிளம்பும் கப்பல் வேண்டாம். இரவு தங்கும் கப்பல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை. குறைந்தது இரவு 9, 10 மணி வரையாவது நிற்க வேண்டும்.

அடுத்து, விலையில் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான டிப்ஸ், குடிநீர், வைஃபை, கரையில் இறங்கிப் பார்க்கும் சுற்றுலாக்கள், இவைதான் வழக்கமாகத் தனியாக வந்து நிற்கும். கேபின் எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவு. சின்னக் கப்பல் பெரியதைவிட ஆடும். அது இயல்பு. கப்பலில் ஆட்டத்தைக் குறைக்கும் ‘ஸ்டெபிலைசர்’ கருவி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

மருத்துவர் பற்றியும் கேளுங்கள். பன்னாட்டுக் கடல்தொழிலாளர் ஒப்பந்தப்படி, நூறு பேரோ அதற்கு மேலோ ஏறி, வழக்கமாக மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செய்யும் கப்பல்களில்தான் மருத்துவர் கட்டாயம். அதைவிடச் சின்னக் கப்பல் என்றால் மருத்துவர் இல்லாமலும் இருக்கலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மாதம் என்று பார்த்தால் மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முற்பாதி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 டிகிரிக்கு மேல் சாதாரணமாகப் போகும். நமக்கு வெயில் புதிதில்லை என்று நினைக்க வேண்டாம். நிழலே இல்லாத சுண்ணாம்புக்கல் தெருவில் படியேறும்போது அந்த வெயில் கீழிருந்தும் அடிக்கும். குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து ‘கிரெகாலே’ என்று ஒரு காற்று வீசும். துறைமுகத்தின் வாயும் அதே திசையைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. பவுலின் கப்பலை அலைக்கழித்த ‘யூரோக்கிலிதோன்’ இந்தக் காற்றுதான் என்பார்கள்.

இன்னொன்று: எந்தெந்த நாளில் எந்தெந்தப் பெரிய கப்பல் வருகிறது என்ற பட்டியலைத் துறைமுகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. உங்கள் நாளில் இரண்டு மூன்று பெரிய கப்பல்கள் இருந்தால் காலை ஒன்பதரை மணிக்குமேல் எல்லா இடமும் நெரியும். அதற்குத் தகுந்தாற்போல் சீக்கிரம் இறங்க வேண்டும்.

விசா

மால்டா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா வேண்டியதில்லை.

கப்பல் பயணத்தில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பது. எந்த ஷெங்கன் நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாடு. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. சிசிலியில் ஏறி மூன்று துறைமுகம் சுற்றி மால்டாவில் இறங்கினால், பெரும்பாலும் இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, கப்பல் நடுவில் துனீசியா, துருக்கி மாதிரி ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், ஒருமுறை நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசா கேட்டு வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் திரும்ப உள்ளே நுழைய முடியாது என்பதால், கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள்.

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் 15 நாட்கள் முன்பு என்றாலும், கோடை விடுமுறைக்காலத்தில் நேர்காணல் நேரம் கிடைப்பதே கடினம், அதனால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தக் காப்பீடு கப்பல் பயணத்துக்கும் பொருந்துமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். சில பாலிசிகளில் அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கப்பல் நிறுவனம் தரும் உறுதிக் கடிதத்தில் ஒவ்வொரு துறைமுகமும் தேதியோடு இருக்க வேண்டும். விமான டிக்கெட்டை விடக் கவனமாகப் பார்க்கப்படும் காகிதம் அது.

பெட்டியில் என்ன வைப்பது

சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம். சின்னக் கப்பலின் கேபின் நம் வீட்டுப் பூஜையறை அளவுதான் சில நேரம் இருக்கும். மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கக்கூடிய துணிப்பை நல்லது. செருப்பு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வலெட்டாவின் தெருக்கற்கள் நூற்றாண்டுகளாக நடந்து நடந்து வழவழப்பாகிவிட்டவை. பிடிமானமுள்ள ஷூ வேண்டும். தேவாலயங்களுக்குள் போகத் தோளை மூடும் துணி வேண்டும். குச்சி மாதிரி கூர்மையான ஹீல்ஸ் போட்டால் புனித யோவான் தேவாலயத்துக்குள் விடவே மாட்டார்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

மால்டாவில் மின்பிளக் பிரிட்டன் பாணியில் மூன்று சதுரக் கால்கள் கொண்டது. கப்பலிலோ பெரும்பாலும் ஐரோப்பிய இரண்டு கால் பிளக் இருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்று போதும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் பயண நாட்களைவிட ஒரு வாரம் அதிகமாக, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் இருக்கட்டும். கப்பல் ஆட்டத்தில் தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். இஞ்சி மரப்பா எனக்கு நன்றாகக் கைகொடுத்தது.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல் போதாது. மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று விரித்துச் சொல்லுங்கள். சமையலறை சின்னது என்பதால் கடைசி நிமிடத்தில் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. முன்பே தெரிந்தால் மிகுந்த அக்கறையோடு செய்து தருவார்கள்.

ஏறும் நாள்

கப்பல் ஏறும் ஊருக்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. ஏறியதும் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். துறைமுக நடைமுறைக்காக அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் அதன் நகலும் விசாவின் நகலும் உங்கள் பையில் இருக்கட்டும். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் கூட வேண்டும் என்று காட்டுவார்கள். களைப்பாக இருந்தாலும் முழுக்கக் கேளுங்கள்.

அதிகாலை: துறைமுகத்துக்குள்

சிசிலியின் சிரக்கூசா துறையிலிருந்து வலெட்டா சுமார் 150 கிலோமீட்டர். சின்னக் கப்பலுக்கு ஓர் இரவுப் பயணம். முந்தின இரவே கேப்டனின் ஆட்களிடம் ‘துறைமுக வாயை எத்தனை மணிக்குத் தொடுவோம்?’ என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு அரை மணி நேரம் முன்பு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். காபியைக் கையில் எடுத்துக்கொண்டே போகலாம். கப்பல் போகும் திசையைப் பார்த்து நின்று, வலப்பக்கக் கம்பியோரம் இடம் பிடியுங்கள்.

முதலில் ஒரு நீளமான அலைதடுப்புச் சுவர் வரும். அதைத் தாண்டியதும் வலப்பக்கம் முனையில் தெரிவது புனித எல்மோ கோட்டை. இடப்பக்கம் ரிக்கசோலி கோட்டை. இந்த இரண்டுக்கும் நடுவில் நுழைகிறீர்கள். காலைச் சூரியன் உங்கள் பின்னாலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் வருவதால், வலப்பக்கம் இருக்கும் வலெட்டாவின் சுவர் முழுவதும் தேன் நிறத்தில் ஒளிரும். அந்த ஊரின் கல்லே அந்த நிறம்தான். தீவில் வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல். வீடு, கோட்டை, தேவாலயம், தெரு எல்லாம் அதே கல்.

இங்கே நின்றுகொண்டே 1565-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வலெட்டா என்ற ஊரே கிடையாது. நீங்கள் பார்க்கும் மேடு வெறும் பாறையாக இருந்தது, முனையில் எல்மோ கோட்டை மட்டும். கத்தோலிக்கத் துறவறப் போர்ச்சபையான புனித யோவான் சபையின் வீரர்கள் எதிர்க்கரையில், இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிர்குவில் இருந்தார்கள். 1522-இல் ரோட்ஸ் தீவை ஒட்டோமான் துருக்கியர்களிடம் இழந்து, அலைந்து திரிந்து, 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடமிருந்து இந்தத் தீவைப் பெற்றவர்கள் அவர்கள். வாடகை என்ன தெரியுமா? ஆண்டுக்கு ஒரு வல்லூறு.

அந்த ஒட்டோமான் படைதான் 1565 மே மாதம் மறுபடியும் அவர்களைத் தேடி வந்தது. எல்மோ கோட்டை ஒரு மாதம் போல் தாக்குப்பிடித்து ஜூன் 23 அன்று விழுந்தது. பிர்குவும் அதற்கடுத்த செங்லேயாவும் விழவில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவில் பெரிய சங்கிலியை இழுத்துக் கட்டி, எதிரிக் கப்பல் உள்ளே வராமல் தடுத்தார்கள். செப்டம்பர் 8 அன்று முற்றுகை முடிந்தது. அந்த நாள் இன்றும் தேசிய விடுமுறை. அன்று இதே துறைமுகத்தில் படகுப்போட்டி நடக்கும்.

சண்டையை நடத்திய தலைவர் ஜான் டி வலெட்டுக்கு அப்போது எழுபது வயதுபோல. எந்த மேடு காலியாக இருந்ததால் எல்மோ விழுந்ததோ அந்த மேட்டின் மேலேயே ஒரு கோட்டை நகரம் கட்ட 1566 மார்ச் 28 அன்று அடிக்கல் நாட்டினார். அதுதான் வலெட்டா. கப்பல் மெதுவாக உள்ளே போகப் போக, வலப்பக்கம் உயரத்தில் வளைவுகள் வரிசையாகத் தெரியும். அது மேல் பராக்கா பூங்கா. அதற்கு நேர் எதிரே, இடப்பக்கம், தண்ணீருக்குள் இறங்கி நிற்பது புனித ஆஞ்சலோ கோட்டை. இந்த இரண்டு இடத்துக்கும் இன்றைக்கே போகப்போகிறீர்கள்.

காலை: வலெட்டா

கப்பல் பெரும்பாலும் பின்டோ துறையில் கட்டப்படும். அங்கிருந்து கரையோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பராக்கா லிஃப்ட். 58 மீட்டர் உயரம். சின்னக் கட்டணம். படியேற முடியாதவர்களுக்கு இந்த லிஃப்ட் பெரிய வரம். எட்டரை மணிக்குள் ஏறிவிட்டால் மேல் பராக்கா பூங்கா கிட்டத்தட்ட உங்களுக்கே. இப்போது அங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம், மதியம் திரும்பி வருவோம்.

அங்கிருந்து புனித யோவான் தேவாலயம் நடக்கும் தூரம்தான். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்து, திறந்தவுடன் உள்ளே போகும்படி பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. உங்கள் கப்பல் ஞாயிறு வந்தால், இதற்குப் பதிலாகக் காலையில் மர்சஷ்லொக் மீன் சந்தைக்குப் போகலாம். அங்கே படகுகளின் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருப்பார்கள்.

தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். 1570-களில் கட்டிய ஜெரோலமோ கசார் ஒரு ராணுவப் பொறியாளர். உள்ளே காலை வைத்ததும் கண் கூசும். சுவரெல்லாம் செதுக்கிப் பொன்பூசியது. கூரை முழுவதும் மத்தியா பிரேத்தி என்ற ஓவியர் வரைந்தது. ஆனால் முதலில் தரையைப் பாருங்கள். சபை வீரர்களின் ஏறத்தாழ நானூறு கல்லறைகள், பல வண்ணப் பளிங்கு பதித்து, எலும்புக்கூடுகளும் மணற்கடிகாரங்களும் குலச் சின்னங்களுமாக, கம்பளம் விரித்தமாதிரி இருக்கின்றன. கூர் ஹீல்ஸ் கூடாது என்பது இதற்காகத்தான்.

பக்கத்து வழிபாட்டுக் கூடத்தில் இத்தாலிய ஓவியர் கராவாஜியோவின் ‘யோவானின் தலை வெட்டப்படுதல்’ இருக்கிறது. 1608-இல் இதே கூடத்துக்காக வரைந்தது. ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். அவர் வரைந்ததிலேயே மிகப் பெரியது, அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியமும் இதுதான். கையெழுத்து எங்கே என்று தேடுங்கள். யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழிந்த ரத்தத்தில் எழுதியிருக்கிறார். ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்பி இங்கே வந்தவர், அந்த ஆண்டு ஜூலையில் சபை வீரராகவும் ஆக்கப்பட்டார். சில வாரங்களில் மறுபடியும் ஒரு கைகலப்பு. எதிர்க்கரை ஆஞ்சலோ கோட்டையில் அடைத்து வைத்தார்கள், அக்டோபரில் தப்பி சிசிலிக்கு ஓடினார். டிசம்பரில் இதே கூடத்தில், தான் வரைந்த ஓவியத்தின் முன்னாலேயே, அவரில்லாமல் கூடி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். அம்மா அந்த ஓவியத்தின் முன் இருந்த பலகையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ‘பாதி இடம் வெறும் இருட்டாத்தான் இருக்கு, ஆனா கண்ணை எடுக்க முடியல’ என்றார். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.

வெளியே வந்ததும் தெருக்களில் சும்மா நடங்கள். நகரம் சதுரங்கக் கட்டம் மாதிரி நேர்த்தெருக்களால் ஆனது. எந்தக் குறுக்குத்தெருவில் நின்றாலும் கோடியில் கடல் தெரியும். மரத்தில் மூடிய, வண்ணமடித்த உப்பரிகைகள் வரிசையாகத் தொங்கும். நகர வாயிலுக்கு அருகில் தூண்கள் மட்டும் நிற்கும் ஒரு திறந்தவெளி அரங்கைப் பார்ப்பீர்கள். அது 1942-இல் குண்டு விழுந்து அழிந்த அரச ஓப்பரா அரங்கம். அதைப் பழையபடி கட்டாமல், இடிபாட்டுக்குள்ளேயே இருக்கை போட்டு நிகழ்ச்சி நடத்துகிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில், பிரிட்டன் ஆட்சியில் இருந்த இந்தத் தீவு மறுபடியும் முற்றுகையில் இருந்தது. குண்டுமழை, பட்டினி. 1942 ஏப்ரல் 15 அன்று பிரிட்டன் அரசர் ‘ஜார்ஜ் சிலுவை’ என்ற வீர விருதைத் தனி ஒருவருக்கு இல்லாமல் தீவு முழுவதற்கும் வழங்கினார். நாட்டின் கொடியில் மூலையில் தெரிவது அதுதான். அந்த ஆகஸ்டு 15, மாதா திருநாள் அன்று, குண்டடிபட்டு மூழ்கும் நிலையில் இருந்த ஒஹையோ என்ற எண்ணெய்க் கப்பலை இரண்டு பக்கமும் வேறு கப்பல்கள் தாங்கிப் பிடித்து, நீங்கள் காலையில் நுழைந்த அதே வாய் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். கரை முழுக்க மக்கள் நின்று அழுதார்களாம்.

பதினொன்றே முக்காலுக்கு மேல் பராக்காவுக்குத் திரும்பிவிடுங்கள். கீழ்த்தட்டில் வரிசையாகப் பீரங்கிகள். சரியாகப் பன்னிரண்டுக்கு ஒன்று வெடிக்கும். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள ஏற்பட்ட வழக்கம். குழந்தைகள் கூட இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள், சத்தம் நெஞ்சில் அடிக்கும்.

மாலை: எதிர்க்கரை

இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். லிஃப்டில் கீழே இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. எதிர்க்கரையில் ‘மூன்று நகரங்கள்’ என்று சொல்லப்படும் பிர்கு, செங்லேயா, கோஸ்பிகுவா பக்கம் பயணிகள் படகு அடிக்கடி போகும். இன்னொரு வழி, ‘தய்சா’ என்ற மரப்படகு. முன்னும் பின்னும் உயர்ந்து, பளிச்சென்ற வண்ணத்தில் இருக்கும். தலைமுறையாக இந்தத் துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் ஆள் ஏற்றியவை. சில யூரோ சில்லறை கையில் இருக்கட்டும், ஏறுமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து அந்தச் சுவர்களை நடுவிலிருந்து பார்ப்பதற்கு ஈடாக வேறொன்றை நான் மால்டாவில் கண்டதில்லை.

பிர்குவில் இறங்கியதும் சந்துகளுக்குள் நுழையுங்கள். வலெட்டாவைவிடப் பழையது, வளைந்து வளைந்து போகும். வாசலில் பூந்தொட்டிகள், மாடத்தில் மாதா சிலை, கொடியில் துணி. இன்னும் குடும்பங்கள் வாழும் ஊர், அதனால் ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம். திருச்சபையின் மதவிசாரணை மன்றம் இருந்த அரண்மனை வழியாக, பிறகு ஆஞ்சலோ கோட்டைக்குப் போங்கள். கடைசி அனுமதி நேரத்தை அன்று காலையே பார்த்து வைக்க வேண்டும். கோட்டை மேல்தளத்தில் நின்றால் வலெட்டா முழுவதும் எதிரே. கராவாஜியோ இந்தச் சுவரிலிருந்து எப்படித் தப்பினார் என்று கீழே எட்டிப் பார்க்கத் தோன்றும்.

நேரமும் காலும் இருந்தால் செங்லேயா முனைக்கும் நடக்கலாம். அங்குள்ள காவல்கூண்டில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் பிர்கு கரையோரத்தில் உட்கார்ந்துவிடுங்கள். சூரியன் வலெட்டாவுக்குப் பின்னால் இறங்கும்.

இரவு தங்கினால் இரண்டாம் நாள்

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். என் முதல் தேர்வு ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம். 1902-இல் கட்டட வேலையின்போது தற்செயலாக அகப்பட்ட நிலத்தடி அடக்கத்தலம். ஐயாயிரம் ஆண்டுக்கும் முன்பு, உலோகக் கருவியே இல்லாமல் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்தது. ஏறத்தாழ ஏழாயிரம் பேரின் எச்சங்கள் இங்கே இருந்ததாகக் கணிக்கிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரம் சுவரின் செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு நாளைக்கு 80 பேர் மட்டும், பத்துப் பத்துப் பேராக. டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். கப்பல் பதிவு உறுதியான அன்றே இதையும் பதிவு செய்யுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, படம் எடுக்கவும் கூடாது. அருகிலேயே தார்ஷியன் என்ற வரலாற்றுக்கு முந்தைய கற்கோயில்கள், நடந்தே போகலாம்.

டிக்கெட் கிடைக்கவில்லையா? பழைய தலைநகரான இம்தீனாவுக்குப் போங்கள். வலெட்டா நகர வாயிலுக்கு வெளியே உள்ள பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. ஓட்டுநர் நம் பக்கத்து ஆளாகவே இருக்கலாம், இப்போது அங்கே இந்தியர்கள் பலர் அந்த வேலையில் இருக்கிறார்கள். கோசோவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், படகு மாறிப் போய்வர முழு நாள் ஆகும். பழைய படங்களில் வரும் கடல் வளைவு ‘அஷூர் விண்டோ’ 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. அதைத் தேடி யாரும் போக வேண்டாம்.

சாப்பாடு

‘பஸ்தீட்சி’ என்று ஒரு பண்டம். நம் பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக, உள்ளே ரிக்கோட்டா சீஸ் அல்லது மசித்த பட்டாணி. சூடாக, தெருமுனைக் கடையில் நின்றபடி சாப்பிட வேண்டும். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, அதனால் சைவர்களும் முஸ்லிம்களும் கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘பிகில்லா’ என்பது பூண்டும் மூலிகையும் சேர்த்து மசித்த பயறு, ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடுவது. தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டி எல்லா இடத்திலும் கிடைக்கும், சூரை மீன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ‘கின்னி’ என்ற கசப்பு ஆரஞ்சுப் பானத்தை ஒரு தடவை குடித்துப் பாருங்கள். எனக்கு மூன்றாவது வாயில்தான் பிடித்தது.

திரும்பி ஏறும்போது

கப்பல் கிளம்பும் நேரத்தையும் எல்லாரும் ஏற வேண்டிய நேரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏற வேண்டிய நேரம் பொதுவாக அரை மணி, சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முந்தியது. இறங்கும் வழியில் பலகையில் எழுதியிருக்கும். அதைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக முகவரின் எண்ணையும் அப்படியே. பிர்குவிலிருந்து கடைசிப் படகு எப்போது என்று காலையிலேயே கேட்டுவைத்தால் பதற்றமே இருக்காது.

கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டதும் மறுபடியும் மேல்தளத்துக்கு வாருங்கள். இந்தத் தடவை இடப்பக்கம் நிற்க வேண்டும், வெளியே போகும்போது வலெட்டா அந்தப் பக்கம்தான் வரும். சுவர்களில் விளக்கு போட்டிருப்பார்கள். பராக்கா வளைவுகளைத் தாண்டி, எல்மோ முனையைத் தாண்டி, அலைதடுப்புச் சுவரின் விளக்கைக் கடக்கும்வரை நில்லுங்கள். ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், அங்கே போனதும் காற்று மாறும்.